பின்பக்கத்து ஜாடி

பிப்ரவரி 3

சின்னவளுக்கு,

பெரியவள் எழுதுகிறேன். நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ வரைந்து அனுப்பிய பெட்டிகளைப் பார்த்தாலே தெரிகிறது, ஒன்றும் நலமில்லை. ஒரு பெட்டிகூட நிமிர்ந்து நிற்கவில்லை. பஸ் திரும்பும்போது உள்ளே நிற்கிற கூட்டம் மாதிரி எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கின்றன. கோடு ஒரே இழுப்பில் வரவேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது? நீ சின்னச் சின்னதாகக் கீறி ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறாய். கோடா அது? கம்பளிப்பூச்சி.

பேசி வைத்ததை ஞாபகப்படுத்துகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. படத்தை போட்டோ எடுத்து அனுப்பினால் கோட்டின் நடுக்கம் தெரிவதில்லை. அதனால்தான் தபால். வாராவாரம் நீ எனக்கு, நான் உனக்கு. கோடு, பெட்டி, வட்டம் என்று அடியிலிருந்து ஆரம்பம், பொருளெல்லாம் பிறகு. தப்பைச் சிவப்புப் பென்சிலில் காட்டவேண்டும். முகத்துக்காக 'நல்லா இருக்கு' என்று எழுதக்கூடாது. இந்தக் கடைசி விதியைப் போட்டவளே நீதான், அதனால் மூக்கைச் சிந்தாதே.

மே மாதம் அருங்காட்சியகத் தேர்வு. பானை வரையும் வேலைக்குப் போகிறவள் ஒரு பெட்டியை நிமிர்த்த முடியாமல் இருந்தால் எப்படி?

நான் வரைந்த கோப்பைகளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எங்கள் பர்னிச்சர் கடையில் அலமாரியெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தே கை மரத்துப்போய்விட்டது. போன மாதம் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் அவசரத்துக்குக் கையால் நாற்காலி வரைந்து காட்டினேன். "இதுல உட்காரலாமா? விழுந்துடாதே?" என்று கேட்டார். அந்த எரிச்சலில்தான் நானும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். திட்டுவதானால் தாராளமாகத் திட்டு.

பெரியவள்


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

'அன்புள்ள' என்பது வழக்கத்துக்காகப் போட்டது.

திரும்பி வந்த தாள்களில் என் பென்சிலைவிட உங்கள் சிவப்புதான் அதிகம். ஆறு வருஷம் ஒரே அடுப்படியில் நான் நறுக்கிய வெங்காயத்தை நீங்கள் மறுபடி நறுக்கினீர்கள். நம் வீட்டுக்காரர்கள் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு ஊருக்கு வேலைக்குப் போனதும், அப்பாடா, ஓரகத்தியிடமிருந்து தப்பித்தோம் என்று இருந்தேன். இப்போது நானே ஸ்டாம்ப் ஒட்டி வம்பை விலைக்கு வாங்குகிறேன்.

உங்கள் கோப்பைக்கு வருகிறேன். அதன் வாய் இரண்டு ஓரத்திலும் கூர்மையாக முடிகிறது. அது வாய் இல்லை, கண். கொஞ்சம் மை தீட்டினால் பொருத்தமாக இருக்கும். அடிப்பாகத்தை ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வெட்டியிருக்கிறீர்கள். வாய் வளைகிறது என்றால் அடியும் வளையத்தானே வேண்டும்? கோப்பையின் அடி தட்டை என்று உங்களுக்குத் தெரியும், அதனால் தட்டையாகப் போட்டுவிட்டீர்கள். தெரிந்ததை வரையாதீர்கள் அக்கா, தெரிவதை வரையுங்கள்.

என் பயம் உங்களுக்குப் புரிகிறதா என்று தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் நான் பார்க்கிற லேபிள் ஒட்டும் வேலை ஜூனோடு முடிகிறது. தோண்டி எடுத்த பானையை போட்டோ எடுத்தால் ஓட்டின் கனம் தெரியாது, அதனால் அங்கே இன்னும் கையால்தான் வரைகிறார்கள். வரைந்துகொண்டிருந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஒரே ஒரு இடம். வயது வரம்பு எனக்கு இந்த வருஷத்தோடு சரி. பாதியில் விட்ட ஓவியப் படிப்பை வைத்துக்கொண்டு நான் நுழையக்கூடிய கடைசி வாசல் இது. இதுவும் போனால் ஏதாவது கடையில் பில் போட உட்காரவேண்டியதுதான். பில் போடுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்கு வரையவேண்டும்.

புதுப் பெட்டிகள் இத்துடன். சாய்கின்றன, எனக்கே தெரிகிறது, அதை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எப்படி நிமிர்த்துவது என்று எழுதுங்கள்.

சின்னவள்


பிப்ரவரி 20

சின்னவளுக்கு,

கோப்பை விஷயத்தில் நீ சொன்னது சரி. இதை இன்னொரு தடவை எழுதச் சொல்லாதே.

நிமிர்த்துவது எப்படி என்று கேட்டாய். எனக்குக் கை வந்த வழியைச் சொல்கிறேன். தாளின் தலையை இடது பக்கம் சாய்த்து வை. கோட்டை இடமிருந்து வலமாக இழு. மணிக்கட்டு அசையவே கூடாது, கை தோளிலிருந்து வரவேண்டும். பென்சில் தாளைத் தொடுவதற்கு முன்னால் காற்றிலேயே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மூச்சு விடாமல் இழு. தப்பினால் தப்பட்டும், அதன் மேலேயே ஒட்டுப்போடாதே. தாள் நிறைய வெறும் கோடு. அலுப்பாகத்தான் இருக்கும். எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. மேசை மேல் கோப்பையை வைத்து நான் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து உன் அத்தான், "அது உன்னை என்ன பண்ணுச்சு?" என்கிறார்.

கோப்பையின் அடி இப்போது வளைகிறது. பார்த்துச் சொல்.

பெரியவள்


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கோப்பைக்கு அடி வந்துவிட்டது. ஆனால் கைப்பிடி உடம்பிலிருந்து முளைக்கவில்லை, கோந்து போட்டு ஒட்டிய மாதிரி தனியாக நிற்கிறது. கோப்பைக்கும் கைப்பிடிக்கும் நடுவே இருக்கிற அந்த இடைவெளியை முதலில் வரைந்து பாருங்கள். கைப்பிடி தானாக வந்து உட்காரும்.

எனக்குத்தான் ஒன்றும் உட்காரவில்லை. இடது பக்கம் சாய்த்தேன். இடமிருந்து வலமாக இழுத்தேன். தோள் வலிக்கிறது, தாளும் நிறைகிறது, பெட்டி மட்டும் முன்னைவிட மோசமாகச் சாய்கிறது. உங்கள் கொழுந்தனார் எட்டிப் பார்த்து, "என்ன, வீடு இடிஞ்சு விழற படமா?" என்று கேட்டார். அன்றைக்கு முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

நல்ல தாளை வீணாக்க மனசு வரவில்லை. போன் பக்கத்தில் கிடந்த பழைய தாள்களின் வெற்றுப் பக்கத்தில் போட்டு அனுப்பியிருக்கிறேன். இதுதான் கடைசி. எனக்கு வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், விதி போட்டுவிட்டதால் மெல்லவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் இருப்பீர்கள்.

சின்னவள்


மார்ச் 14

சின்னவளுக்கு,

முன்பக்கத்துப் பெட்டிகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தாளைத் திருப்பினேன். பின்பக்கம் ஒரு மூலையில் தண்ணீர் ஜாடி ஒன்று இருக்கிறது. யார் வரைந்தது அது?

உன் மகள் என்று கதை விடாதே, அவள் இன்னும் சூரியனுக்கு மூக்கு வைக்கிற வயசு. ஜாடியின் வாய் ஒரே சுற்றில் வந்திருக்கிறது, ஒட்டுப்போட்ட இடமே இல்லை. மூடி கொஞ்சம் திறந்திருப்பது அந்த ஒற்றைக் கோட்டிலேயே தெரிகிறது. நிழலுக்குப் போட்ட கோடுகள் உன் கோடுகள் சாயும் பக்கத்துக்கு நேர் எதிர்ப் பக்கம் சாய்கின்றன. இது உன் கையே இல்லை. இத்தனை நாள் உன் கையைத் திருத்தியவளுக்கு அதுகூடவா தெரியாது?

ஆக, வேறு யாரிடமோ கற்றுக்கொள்கிறாய். நல்ல கையாகப் பார்த்துத்தான் பிடித்திருக்கிறாய். அதைச் சொல்லிவிட வேண்டியதுதானே? ஞாயிற்றுக்கிழமையெல்லாம் நான் எதற்கு உன் கம்பளிப்பூச்சிகளை மேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? என் கோப்பைகளையும் அவரிடம் காட்டிச் சிரித்திருப்பீர்கள். கைப்பிடிக்கு நீ சொன்ன யோசனைகூட அவருடையதாகத்தான் இருக்கும்.

எனக்கு வருத்தம்தான். மறைப்பானேன்?

பெரியவள்


மார்ச் 20

அக்கா,

இந்தத் தடவை 'அன்புள்ள' கிடையாது.

அந்த ஜாடியை வரைந்தது நான். மின்சார ஆபீசுக்குப் போன் போட்டால் காத்திருக்கச் சொல்லிவிட்டு அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கொல்கிறார்கள். போன் வலது கையில் இருந்தது. இடது கை சும்மா இருந்தது. பக்கத்தில் பென்சில், எதிரே ஜாடி. தாளில் என்ன விழுந்தது என்று நான் பார்க்கக்கூட இல்லை. உங்களுக்கு அனுப்பியதே தெரியாது.

நான் பீச்சாங்கை. பிறந்ததிலிருந்தே. பள்ளிக்கூடத்தில் என் பேரே அதுதான். அப்பா என் இடது கையைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட்டு, சோத்துக்கையால் எழுதப் பழக்கினார். கோபத்தில் இல்லை, பாசத்தில்தான். திட்டியிருந்தாலாவது திரும்பத் திட்டியிருப்பேன். உங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் நான் இடது கையில் கரண்டியை எடுத்தேன். மாமியார் சிரித்துக்கொண்டேதான் கேட்டார், "என்னம்மா, இடது கையா?" மறுநாளிலிருந்து மாற்றிக்கொண்டேன். என் வெங்காயம் ஏன் கோணல்மாணலாக இருந்தது என்று இப்போதாவது புரிகிறதா? ஆறு வருஷம் பக்கத்தில் நின்றீர்கள். வெங்காயத்தைப் பார்த்தீர்கள், கையைப் பார்க்கவில்லை.

தேர்வுக்கு இந்தக் கை உதவாது. அங்கே ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். யாராவது நின்று பார்த்தால் இது மடங்கிக்கொள்ளும். நான் தனியாக இருக்கும்போது, மனசும் வேறெங்கோ இருக்கும்போதுதான் வரையும். எனக்கே சொல்லாமல் வரைகிற கையை நம்பி நான் எந்தத் தேர்வுக்குப் போவது?

ஜாடியைக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

சின்னவள்


மார்ச் 26

சின்னவளுக்கு,

உன் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எதற்கு? தலைக்கு மேல் கோபம். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? இடது கைக்காரிக்கு வலது கைக்காரியின் பாடத்தை அனுப்பிவிட்டு, சாய்கிறது சாய்கிறது என்று சிவப்பால் கிழித்திருக்கிறேன். நீயும் அதை வாங்கி வைத்துக்கொண்டு, உதவாத கையால் தாள் தாளாகப் போட்டிருக்கிறாய். நம் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டவேண்டும்.

என் மேலும் கோபம்தான். அதை விவரமாக எழுதமாட்டேன், நீ சந்தோஷப்படுவாய்.

நான் சொன்ன அத்தனையையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாற்றிக்கொள். தாளின் தலையை வலது பக்கம் சாய். வலமிருந்து இடமாக இழு. நேற்று நானே இடது கையால் ஒரு தாள் போட்டுப் பார்த்தேன். உன் அத்தான் அதை எடுத்துப் பார்த்து, "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்றார். நீ இதுவரை அனுப்பிய தாள்களோடு அதையும் கலந்து வைத்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியாது. ஒரு தாளுக்கே எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ எப்படி இத்தனை நாள் போட்டாய்?

ஜாடியைக் கிழிக்கமாட்டேன். அந்தக் கைக்கு நீ எழுதிய பேரை இனிமேல் எனக்கு எழுதும் கடிதத்தில் எழுதாதே.

யாராவது பார்த்தால் மடங்கும் என்றால், பார்க்க வைத்துத்தான் பழக்கவேண்டும். வீட்டுக்காரரையும் மகளையும் எதிரே உட்காரவை. பேசச் சொல், சிரிக்கச் சொல். மே மாதம் ஒன்றும் தூரத்தில் இல்லை.

பெரியவள்


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் நாள் மகள் கேட்டாள், "அம்மா, நீ ஏன் தப்புக் கையில வரையறே?" யார் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது? நான்தான். கரண்டியை மாற்றி மாற்றிப் பிடிப்பதைப் பார்த்தே கற்றிருக்கிறாள். பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் மறுபடி எடுத்தேன். இப்போது பெட்டிகள் நிற்கின்றன. வட்டங்கள் சுற்றி வந்து சேருகின்றன. ஜன்னலோரம் இருந்த எல்லாவற்றையும் வரைந்தாயிற்று: பக்கெட், செருப்பு, குக்கர். தூங்குகிற உங்கள் கொழுந்தனாரைக்கூட விடவில்லை.

இதெல்லாம் சந்தோஷமான செய்தி. இனிமேல் சண்டை.

போன வாரம் திரும்பி வந்த தாள்களில் சிவப்பே இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. ஓரத்தில் 'மிக அருமை' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் கேட்டார்கள் உங்கள் அருமையை? குக்கரின் மூடி உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு பக்கம் நகர்ந்திருப்பது எனக்கே தெரிகிறது. வெங்காயத்துக்குக்கூட விட்டுக்கொடுக்காத உங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லையா? நான் என்ன ஆஸ்பத்திரியிலா படுத்திருக்கிறேன், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பதற்கு?

இரக்கப்படுவதானால் தபாலை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தேர்வில் யாரும் எனக்கு இரக்கப்படப் போவதில்லை.

சின்னவள்


ஏப்ரல் 15

சின்னவளுக்கு,

வாங்கிக் கட்டிக்கொள்.

குக்கர் மூடி மட்டுமில்லை. பக்கெட்டின் நடுவாக ஒரு கோடு ஓட்டிப் பார், இடது பாதியும் வலது பாதியும் வேறு வேறு பக்கெட். உருவம் நிற்பதற்கு முன்னாலேயே நிழலை அள்ளிப் பூசுகிறாய், தப்பை மூடிவிடலாம் என்று. மூடாது. முதலில் நடுக்கோடு, பிறகு வாயும் அடியும், பிறகு உடம்பு. நிழல் கடைசி. செருப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டும் ஒரே காலுக்கு. தூங்குகிற ஆளுக்கு நெற்றி இவ்வளவு கிடையாது, நானும் இருபது வருஷமாகப் பார்க்கிறேன்.

போன தடவை சிவப்புப் பென்சிலை எடுத்தேன், கை வரவில்லை. முன்னால் போட்ட சிவப்புக் கோடுகளெல்லாம் கண் முன்னால் வந்து நின்றன. அந்த இரக்கம் உன் படத்துக்கு ஆகாது என்று இப்போது புரிகிறது. இனி சிவப்பு வரும்.

நாற்காலி அனுப்பியிருக்கிறேன். விழுமா, நிற்குமா, பார்.

பெரியவள்


மே 11

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் நாற்காலி நிற்கிறது. தைரியமாக உட்காரலாம். நான்தான் விழுந்துவிட்டேன்.

தேர்வுக் கூடத்தில் எழுதும் பலகை பொருத்திய நாற்காலிகள். பலகை எல்லாவற்றிலும் வலது பக்கம். கோணலாக உட்கார்ந்து, இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் ஆரம்பித்தேன். எதிரே கழுத்து நீண்ட பானை, விளிம்பில் ஒரு சில்லு உடைந்திருந்தது. நடுக்கோடு போட்டேன், வாய் போட்டேன், நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. மேற்பார்வையாளர் என் பின்னால் வந்து நின்றார். பென்சில் வலது கைக்குப் போய்விட்டது. நான் மாற்றவில்லை அக்கா, அதுவே போய்விட்டது. அவர் நகர்கிற வரைக்கும் வலது கையால் பானையின் தோளை வரைந்தேன். பழைய கம்பளிப்பூச்சி.

அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு வேறு தாள் வாங்கி, இடது கையால் முதலிலிருந்து போட்டேன். மறுபடி வந்து நின்றார். நிற்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன். ஒரு பக்கம் நிழல் முடியவில்லை, மணி அடித்துவிட்டது. பக்கத்து நாற்காலிக்காரர் பானைக்குப் பின்னால் திரைச்சீலைகூட வரைந்திருந்தார்.

என்னை நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

சின்னவள்


மே 16

சின்னவளுக்கு,

நிழல் முடியாதது பெரிய விஷயமில்லை. திரைச்சீலையை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம் எதில் என்றால், வேறு நாற்காலி வேண்டும் என்று நீ ஏன் கேட்கவில்லை? ஒரு மேசையும் ஸ்டூலும் கிடைக்காத கட்டடமா அது? என்னிடம் மட்டும் அந்த வாய் எட்டு ஊருக்குக் கேட்கிறது. அங்கே ஒரு வார்த்தை, 'சார், நான் இடது கை' என்று சொல்ல என்ன கேடு?

கையைப் பழக்கினோம். வாயைப் பழக்க மறந்துவிட்டோம்.

முடிவு வரும்வரை வரைவதை நிறுத்தாதே. வராவிட்டாலும் நிறுத்தாதே. வராவிட்டால் நான் வந்து உன்னோடு சேர்ந்து அழுவேன், அதற்குப் பிறகு மறுபடி பெட்டியிலிருந்து ஆரம்பிப்போம்.

பெரியவள்


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னதும், "சரி, வை" என்று வைத்துவிட்டீர்கள். அத்தான் பிறகு என்னைக் கூப்பிட்டு, நீங்கள் அடுப்படியில் நின்று அழுததைப் போட்டுக்கொடுத்துவிட்டார். அவரைத் திட்டாதீர்கள்.

ஏன் என்னை எடுத்தார்கள் என்று கேட்டீர்களாம். உடைந்த இடத்தை உடைந்தபடியே வரைந்தது நான் ஒருத்திதானாம். மற்றவர்கள் விளிம்பை முழுசாக்கி அழகுபடுத்திவிட்டார்கள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். எனக்குக் கொடுத்த மேசைக்கு இடது பக்கம் ஜன்னல். வெளிச்சம் அங்கிருந்து வருவதால், கோடு விழும் இடத்திலேயே என் கையின் நிழலும் விழுந்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து குனிந்தும் நெளிந்தும் அந்த நிழலோடு மல்லுக்கட்டினேன். கழுத்துப் பிடித்துக்கொண்டது. உங்கள் திட்டை நினைத்துக்கொண்டு, கடைசியில் மேலாளர் அறைக்குப் போனேன். வாசலில் நின்று இரண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். "சார், நான் இடது கையால வரையறேன். மேசையைத் திருப்பிப் போடணும்" என்றேன். "ஓ, அப்படியா? போட்டுடலாம்" என்றார். இரண்டு பேர் வந்தார்கள். தூக்கித் திருப்பிப் போட்டார்கள். போய்விட்டார்கள்.

அவ்வளவுதான், அக்கா. யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. நான் பானையை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன், என்னால் வரையவே முடியவில்லை. அப்படி ஒரு கோபம். அவர்கள் மேல் இல்லை, அப்பா மேல்கூட இல்லை. இவ்வளவு லேசான காரியத்துக்கா நான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்?

சின்னவள்